கிரிட் எட்டாத வீடுகளுக்கு சோலார் மின்சாரம்: கணக்கெடுப்பு முதல் பழுதுபார்ப்பு வரை ஒரு முழு வழிகாட்டி

2022-இல் உலகில் சுமார் 68.5 கோடி பேர் வீட்டில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே வந்த அந்த எண்ணிக்கை அந்த ஆண்டு திரும்பவும் ஏறியது. இவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வசிப்பவர்கள். மாதம் பத்துப் பதினைந்து யூனிட் மட்டுமே செலவாகும், அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருக்கும் வீடுகளுக்குக் கம்பம் நட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, கிரிட் என்ற பொது மின்வலையிலிருந்து லைன் இழுத்தால் போட்ட காசு மின்வாரியத்துக்கு எப்போதும் திரும்பி வராது. அதனால்தான் கூரைமேல் ஒரு பேனல், உள்ளே ஒரு பேட்டரி என்ற தனி ஏற்பாடு இந்த நாடுகளில் முக்கியமாகிறது.

பேனல், பேட்டரி, விளக்கு எல்லாம் சேர்ந்த கிட்டுகளை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது சுலபம். மூன்றாவது வருடமும் அது எரியவேண்டும் என்றால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த வழிகாட்டி அந்த மூன்றாவது வருடத்தை மனதில் வைத்து எழுதியது. மாவட்ட நிர்வாகம், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், சிறு விநியோக நிறுவனம் என யார் திட்டம் போட்டாலும் வரிசை ஏறத்தாழ இதுதான்.

1. எந்த வீட்டுக்கு எது என்று பிரியுங்கள்

எல்லா வீட்டுக்கும் தனி சோலார் தேவையில்லை. முதலில் ஒரு வரைபடத்தில் மூன்று வகையாகப் பிரியுங்கள். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தும் இணைப்புக் கட்டணம் கட்ட முடியாததால் இருட்டில் இருக்கும் வீடுகள் முதல் வகை. இவர்களுக்குத் தேவை பெரும்பாலும் கட்டணச் சலுகை, பேனல் அல்ல. வீடுகள் நெருக்கமாகவும், மாவு மில், வெல்டிங் கடை, குளிர்பதனம் போன்ற பகல்நேரத் தேவை உள்ளதாகவும் இருக்கும் ஊர்கள் இரண்டாவது வகை. அங்கே ஊருக்கே பொதுவான மினி-கிரிட் கணக்குக்கு வரும். மிச்சமிருக்கும் சிதறிய வீடுகளுக்குத்தான் தனி சோலார்.

உலக வங்கியும் கூட்டாளிகளும் சேர்ந்து உருவாக்கிய குளோபல் எலெக்ட்ரிஃபிகேஷன் பிளாட்ஃபார்ம் என்ற இலவச இணைய வரைபடம் முதல் மதிப்பீட்டுக்கு உதவும். ஆனால் அந்த வரைபடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஐந்து வருடத்தில் லைன் எங்கெல்லாம் போகிறது என்று மின்வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். "அடுத்த வருடம் வந்துவிடும்" என்ற வாய்மொழியை நம்பி மக்களைக் காத்திருக்க வைக்காதீர்கள். லைன் வந்தபிறகும் கரண்ட் வராத ஊர்கள் ஏராளம்.

2. எவ்வளவு மின்சாரம் தரப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

'மின்சாரம் உண்டு, இல்லை' என்ற இரண்டே கட்டத்தில் கணக்குப் போட்டால் எல்லாம் குழம்பும். உலக வங்கியின் எரிசக்திப் பிரிவு 2015-இல் வெளியிட்ட மல்ட்டி-டியர் ஃபிரேம்வொர்க் இதை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரிக்கிறது. முதல் படிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 12 வாட்-மணி (ஒரு வாட் சாதனம் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு வாட்-மணி), அதாவது சில விளக்குகளும் ஒரு போன் சார்ஜும். இரண்டாம் படிக்கு 200 வாட்-மணி; டிவி, மின்விசிறி எல்லாம் இங்கேதான் வருகின்றன. மூன்றாம் படி 1 கிலோவாட்-மணி, நான்காம் படி 3.4, ஐந்தாம் படி 8.2. மின் அளவோடு, நாளில் எத்தனை மணிநேரம், மாலையில் எத்தனை மணிநேரம் கிடைக்கிறது என்பதையும் அது பார்க்கிறது.

ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கைவிளக்கைக் கொடுத்துவிட்டு "ஒரு குடும்பம் மின்சாரம் பெற்றது" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது நல்ல பொருள்தான், மண்ணெண்ணெய்ப் புகையைக் குறைக்கும். ஆனால் முதல் படியைக்கூட அது முழுசாகத் தொடாது. எந்தப் படியைத் தருகிறீர்கள் என்பதைத் திட்ட ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பட்ஜெட், பேனல், தவணை எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

3. வீடு வீடாகக் கேளுங்கள், ஆனால் சரியான கேள்வியை

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் டிவி, ஃபிரிட்ஜ் என்று பட்டியல் நீளும். போன வாரம் வெளிச்சத்துக்கும் போன் சார்ஜுக்கும் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, டார்ச் செல், சார்ஜ் போடும் கடைக்குக் கொடுத்த காசு, எல்லாம் தனித்தனியாக.

இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. பழைய திட்டங்கள் எல்லாம் "மண்ணெண்ணெய்ச் செலவு மிச்சமாகும், அதிலிருந்து தவணை கட்டிவிடுவார்கள்" என்று கணக்குப் போட்டன. ஆனால் ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் எந்தத் திட்டமும் வருவதற்கு முன்பே மக்கள் மண்ணெண்ணெயை விட்டு மலிவான எல்இடி டார்ச்சுக்கு மாறிவிட்டார்கள். அங்கே மிச்சமாகப்போகும் தொகை மிகச் சிறியது. பழைய கணக்கை அப்படியே எடுத்துவைத்தால் முதல் ஆறு மாதத்திலேயே தவணை நின்றுவிடும்.

வருமானம் எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து இரண்டு மாதம் கையில் காசு, அப்புறம் நீண்ட வறட்சி என்ற வீட்டுக்கு மாதாமாதம் சமமான தவணை ஒத்துவராது.

4. அளவைக் கணக்கிடுங்கள்

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடலாம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 வாட் விளக்கு மூன்று, தலா 5 மணிநேரம்: 30 வாட்-மணி. ராத்திரி முழுக்க எரியும் 1 வாட் விளக்கு ஒன்று, 10 மணிநேரம்: 10. இரண்டு போன், தலா 8: 16. 2 வாட் ரேடியோ 5 மணிநேரம்: 10. 12 வாட் டிசி டிவி (பேட்டரி மின்சாரத்திலேயே ஓடும் வகை) 3 மணிநேரம்: 36. மொத்தம் 102 வாட்-மணி. இதோடு 12 வாட் டிசி மின்விசிறி ஒன்றை 6 மணிநேரம் ஓட்டினால் 72 கூடி 174 ஆகிவிடும். ஒரே ஒரு மின்விசிறி தேவையைச் சுமார் 70 சதவீதம் ஏற்றிவிடுவதைக் கவனியுங்கள்.

பேனலை மழைக்கால மாதத்தை வைத்துக் கணக்கிடவேண்டும். அந்த மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமாக நாளுக்கு 4 மணிநேரம் கிடைப்பதாக வைப்போம். தூசி, சூடு, ஒயர், பேட்டரி எல்லாவற்றிலும் போவது போக 65 சதவீதம்தான் கைக்கு வரும். 174-ஐ 4-ஆலும் 0.65-ஆலும் வகுத்தால் 67 வாட். சந்தையில் கிடைக்கும் அளவில் 80 வாட் பேனல் போடலாம்.

பேட்டரி ஒன்றரை நாள் தாங்கட்டும்: 174 × 1.5 = 261 வாட்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம் என்றால் 326 வாட்-மணி கொள்ளளவு, 12.8 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர்-மணி, 30 வாங்குங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் சீக்கிரம் போய்விடும், ஆகவே 522 வாட்-மணி, 12 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர்-மணி தேவை. வாங்கும்போது ஈய-அமிலம் மலிவாகத் தெரியும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவேண்டிய செலவைச் சேர்த்தால் பெரும்பாலும் அந்த மலிவு நிற்காது.

இந்த வீடு இன்னமும் இரண்டாம் படிக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அப்படியும் இவ்வளவு சிறிய பேனலில் இது முடிவதற்குக் காரணம் சிக்கனமான சாதனங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை 5 மணிநேரம் எரித்தாலே 300 வாட்-மணி போய்விடும். ஆகவே விளக்கும் டிவியும் மின்விசிறியும் கிட்டோடு சேர்ந்தே வரட்டும்.

5. பொருளின் தரத்தைச் சோதியுங்கள்

350 வாட் வரையுள்ள கிட்டுகளுக்கு ஐஇசி 62257-9-8 என்ற சர்வதேசத் தர விதி இருக்கிறது. 2007-இல் லைட்டிங் ஆப்பிரிக்கா என்ற பெயரில் தொடங்கிய உலக வங்கிக் குழுமத்தின் முயற்சியிலிருந்து வளர்ந்த சோதனை முறை அது. இப்போது வெராசோல் என்ற அமைப்பு சோதனையில் தேறிய பொருட்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிய கொள்முதல் என்றால் அந்தப் பட்டியலில் இல்லாததைத் தொடாதீர்கள்.

உள்ளூர்ச் சந்தையில் பேனலைத் தனியாக வாங்குகிறீர்களா? ஒரு அளவுநாடா போதும். நல்ல பேனல் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் தரும். அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் உள்ள பேனலில் '100 வாட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது பொய். ஐம்பதைத் தாண்டுவதே கஷ்டம்.

6. பணம்: இதில்தான் திட்டங்கள் நிற்கின்றன அல்லது விழுகின்றன

முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய ஏழைக் குடும்பம் அபூர்வம். ஆகவே கடன் வேண்டும். இரண்டு பெரிய வழிகள் நடைமுறையில் தேறியிருக்கின்றன.

ஒன்று வங்கதேச வழி. இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் 2003-இல் தொடங்கிய திட்டம், கிராமீன் சக்தி போன்ற பல கூட்டாளி அமைப்புகள் மூலம் 2018-க்குள் 41 லட்சத்துக்கு மேல் வீட்டு சோலார்களை நிறுவியது. வாங்குபவர் ஒரு சிறு பங்கை முன்பணமாகக் கட்டி, மிச்சத்தைச் சில வருடத் தவணையில் அடைப்பார். மானியம் ஆரம்பத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருந்தது. பேட்டரிக்கு 5 வருட வாரண்டி. என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது: மாதாமாதம் தவணை வாங்க வந்தவரே பேட்டரியையும் பார்த்துவிட்டுப் போனார். விளக்கு எரியாவிட்டால் தவணை வராது என்பதால் பழுதுபார்ப்பு தானாக நடந்தது.

இன்னொன்று கிழக்கு ஆப்பிரிக்க வழி. 2007-இல் கென்யாவில் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணப்பரிமாற்றம் இதற்கு வழி திறந்தது. 2012 வாக்கில் சந்தைக்கு வந்த எம்-கோபா போன்ற நிறுவனங்கள், முன்பணத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு வருடம் தினமும் சிறு தொகை என்ற முறையைப் பரப்பின. காசு கட்டினால் கிட்டுக்குள் இருக்கும் பூட்டு திறக்கும், கட்டாவிட்டால் விளக்கு அணையும். பூட்டுக்கு வலிமை உண்டு. உகாண்டாவில் சோலார் வாடிக்கையாளர்களுக்குப் பள்ளிக் கட்டணக் கடன் கொடுத்து நடத்திய ஆய்வில், கடனுக்குப் பிணையாகச் சோலாரைப் பூட்டும் நிபந்தனை இருந்தபோது கடன் தவறுவது 19 சதவீதப் புள்ளி குறைந்தது.

இந்தப் பூட்டை யோசித்துப் பயன்படுத்துங்கள். கைபேசி சிக்னல் இல்லாத ஊரில் காசு கட்டவே இரண்டு மணிநேரம் நடக்கவேண்டுமென்றால், விளக்கு அணைவது அவர் குற்றமல்ல. குறைந்தபட்சம் இவற்றையாவது ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: ரொக்க விலை எவ்வளவு, தவணையில் மொத்தம் எவ்வளவு, அறுவடைக்கு முந்தைய மாதங்களில் எத்தனை நாள் விடுப்பு, கிட்டைத் திரும்ப எடுத்தால் கட்டிய காசு என்ன ஆகும். இவை வீட்டுக்காரர் பேசும் மொழியில், சத்தமாகப் படித்துக் காட்டப்படவேண்டும்.

நாணய மதிப்பு இன்னொரு கண்ணி. பேனல் டாலரில் வருகிறது, தவணை உள்ளூர்ப் பணத்தில் வருகிறது. மலாவியில் 2023 நவம்பரில் ஒரு டாலரின் விலை 1,180 குவாச்சாவிலிருந்து ஒரே நாளில் 1,700 ஆனது. அதற்கு முன் விற்ற கிட்டுகளுக்குப் பழைய தவணைதான் வந்துகொண்டிருக்கும், அடுத்த சரக்கு புதிய விலையில் வாங்கவேண்டும். முடிந்தவரை கடனை உள்ளூர்ப் பணத்திலேயே வாங்குங்கள், தவணைக் காலத்தை இழுக்காதீர்கள். வரியும் இப்படித்தான் திடீரென்று வரும். கென்யா 2020-இல் சோலார் பொருட்கள் மீது மதிப்புக்கூட்டு வரி போட்டு, அடுத்த வருடமே விலக்கிக்கொண்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் வாங்குபவர்களும் சிறு விற்பனையாளர்களும்தான்.

சரி, மானியம் தரலாமா? ருவாண்டாவில் நடந்த ஆய்வு ஒன்று, மக்கள் தங்கள் செலவுத் தொகையில் கணிசமான பங்கைத் தரத் தயாராக இருந்தும் அது சந்தை விலையை எட்டவில்லை என்று காட்டியது. கடைக்கோடி ஏழைகளுக்கு மானியமில்லாமல் சந்தை தானாகப் போய்ச் சேரும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் இலவசமாக அள்ளிக் கொடுப்பதற்கும் விலை உண்டு. வங்கதேசத்தில் அரசின் இன்னொரு திட்டம் இலவச சோலார் கொடுக்கத் தொடங்கியதும், கிரிட் வேகமாகப் பரவியதும் சேர்ந்து, தவணையில் வாங்கியவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். கூட்டாளி அமைப்புகள் கடனில் தத்தளித்தன. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோ 2019-இல் வேறு மாதிரி தொடங்கியது: வாடிக்கையாளர் தவணை கட்டும் மாதங்களில் அரசும் ஒரு பங்கைச் சேர்த்தது. காசு ஓடுவதும் விளக்கு எரிவதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால் இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. விற்பனையாளருக்கு மானியம் தருவதாக இருந்தால் ஒரு பகுதியைப் பொருத்தியதும், இன்னொரு பகுதியை ஒரு வருடம் கழித்து நேரில் பார்த்து, எரிந்தால் மட்டும் கொடுங்கள்.

7. பொருத்துதல்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் பேனல் தெற்கு பார்க்கட்டும், தெற்கே இருந்தால் வடக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் 10 டிகிரியாவது சாய்வு வையுங்கள், மழை தூசியைக் கழுவிக்கொண்டு போகும். தகரக் கூரையோடு ஒட்டவைக்காமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், சூடேறிய பேனல் குறைவாகத்தான் தரும். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை மரநிழல் ஒரு மூலையில்கூட விழக்கூடாது.

ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் 10 மீட்டர் தூரம் போகவேண்டும் என்று வையுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போக வர ஏறத்தாழ 1 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்கும் கீழே. பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். பேட்டரி அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ளும் சார்ஜ் கன்ட்ரோலரைத் தாண்டி நேராக பேட்டரியிலிருந்து கனெக்‌ஷன் எடுப்பது எல்லா ஊரிலும் நடக்கும் பழக்கம். பேட்டரி சாவது அப்படித்தான். ஏன் கூடாது என்பதைப் பொருத்தும் அன்றே வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள், முக்கியமாகப் பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு.

8. சர்வீஸை முதல் நாளே கட்டுங்கள்

வாரண்டி அட்டை இருக்கிறது, சர்வீஸ் சென்டர் தலைநகரில் இருக்கிறது என்றால் வாரண்டி இல்லை என்றே அர்த்தம். மோட்டார் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் ஒரு பழுதுபார்ப்பவர் வேண்டும். அவர் வேறு தொழில் செய்பவராகவே இருக்கலாம், போன் ரிப்பேர் கடைக்காரர் நல்ல தேர்வு. அவரிடம் ஒரு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், விளக்கு, ஸ்விட்ச், ஃபியூஸ், ஒயர், உதிரி பேட்டரி இருக்கட்டும். ஒவ்வொரு பழுதுக்கும் அவருக்குக் காசு போகவேண்டும்; புதிய விற்பனைக்கு மட்டும் கமிஷன் என்றால் அவர் பழைய வாடிக்கையாளரின் போனை எடுக்கமாட்டார். ஒரு நிறுவனத்தின் கிட்டில் இன்னொரு நிறுவனத்தின் பிளக் சேராமல் இருப்பது இந்தத் துறையின் தொல்லைகளில் ஒன்று. கொள்முதலிலேயே பொதுவான கனெக்டர் கேட்டு வாங்குங்கள்.

விற்ற நிறுவனமே காணாமல் போகலாம் என்பதையும் யோசியுங்கள். பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் விற்ற மொபிசோல் 2019-இல் திவாலானது. எஞ்சி (Engie) என்ற பிரெஞ்சு எரிசக்தி நிறுவனம் அதை வாங்கியது. வாங்க ஆள் இல்லாமல் போனால் பூட்டுத் திறக்கும் குறியீடுகளை யார் கொடுப்பது? திட்டத்தின் சார்பில் ஒரு மூன்றாம் தரப்பிடம் அவற்றை ஒப்படைத்து வைக்கச் சொல்லுங்கள்.

9. செத்த பேட்டரி எங்கே போகும்?

செனகலின் தியாரோய்-சுர்-மெர் பகுதியில் 2007, 2008-இல் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்தைச் சுற்றி 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தார்கள். சோலார் பேட்டரிக்குள் இருப்பதும் அதே ஈயம். ஈய-அமிலம் விற்றால் பழையதைக் கொடுத்தால்தான் புதியதில் தள்ளுபடி என்ற விதியை வையுங்கள், சேர்ந்ததை உரிமம் பெற்ற உருக்காலைக்கு மட்டும் அனுப்புங்கள். லித்தியத்தில் ஈயம் இல்லை, ஆனால் குத்தினாலோ ஷார்ட் ஆனாலோ தீப்பிடிக்கும். முனைகளை டேப் ஒட்டி மூடிச் சேமியுங்கள்.

10. எண்ணவேண்டியதை எண்ணுங்கள்

2030-க்குள் ஆப்பிரிக்காவில் 30 கோடி பேருக்கு மின்சாரம் என்று உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024-இல் மிஷன் 300 திட்டத்தை அறிவித்தன. இவ்வளவு பெரிய இலக்கு வரும்போது விற்ற கிட்டுகளை எண்ணி அறிக்கை அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து, சொல்லாமல், பொழுது சாய்ந்தபின் போய்ப் பாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை மணிவரை எரிகிறது, கடைசியாகப் பழுதானபோது எத்தனை நாளில் சரியானது. இந்த மூன்று எண்களையும் விற்பனை எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

11. லைன் வந்துவிட்டால்

மினி-கிரிட்டுக்கு நைஜீரியா 2016-இல் நல்ல விதி கொண்டுவந்தது: அனுமதி பெற்ற மினி-கிரிட் உள்ள ஊருக்குப் பெரிய கிரிட் வந்தால், நடத்துபவர் அதோடு இணைந்து மின்விநியோகத்தைத் தொடரலாம், அல்லது இழப்பீடு பெற்றுக்கொண்டு சொத்தை ஒப்படைக்கலாம். வீட்டு சோலாருக்குப் பெரும்பாலும் இப்படி எதுவும் இருப்பதில்லை. பாதித் தவணை கட்டிய வீட்டுக்கு லைன் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை விற்கும் அன்றே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: தேய்மானம் கழித்துத் திரும்ப எடுப்பதா, மிச்சத் தவணையைக் குறைத்துக் கொடுப்பதா, அதே விலைக்குப் பெரிய பேட்டரியோ வேறு சாதனமோ மாற்றித் தருவதா. திரும்ப வந்த கிட்டைச் சோதித்து, பேட்டரி மாற்றி, லைன் போகாத அடுத்த ஊரில் குறைந்த விலைக்கு விற்க ஒரு தனிக் கணக்கு வையுங்கள். லைன் வந்தும் அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் கிட்டை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். டிசி விளக்குகளின் ஒயரைக் கிரிட் ஒயரிங்கோடு எங்கேயும் சேர்க்காமல் தனியாகவே வைத்திருக்கவேண்டும், அதை மட்டும் பழுதுபார்ப்பவர் நேரில் வந்து ஒருமுறை உறுதி செய்யட்டும்.